நாலாம் வரிசை

தூத்துக்குடியைத் தாண்டி, உப்பளத்து வெள்ளை வரப்புகள் முடிந்து உடைமுள் காடு ஆரம்பிக்கிற இடத்தில், கடல் கண்ணுக்குத் தெரியாமல் மூக்குக்கு மட்டும் எட்டுகிற சிப்பி குடியிருப்பில், ஒரு ஐப்பசிக்கு முன்னால் மனுசப் பேச்சு வரிசையில் நிற்கத் தொடங்கியது. சும்மா நிற்கவில்லை, முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று தராதரம் பார்த்து நின்றது. அந்தத் தராதரத்தை எழுதிக் கொடுத்தவள் மூன்றாம் மாடியில் குடியிருந்த சகாயராணி. பாவம், அவள் நல்லதுக்கென்றுதான் செய்தாள். நல்லதுக்கென்று கிளம்புகிறவர்களைப் பார்த்தாலே நான் ஒரு எட்டு விலகி நிற்பேன், அது வேறு விஷயம்.

குடியிருப்பு முழுவதற்கும் ஒரே ஒரு இன்டர்நெட் இணைப்பு. பகலில் பிரச்சினை இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் ஆனதும், வெளிநாட்டு ஆபீஸ்காரர்கள் வீடியோ கால் போட, பிள்ளைகள் டியூஷன் வகுப்பைத் திறக்க, பெண்களும் ஆண்களும் சீரியலைத் தொட, எல்லாம் ஒரே குழாயில் முட்டி மோதி, மேனேஜர் வாயைப் பிளந்தபடி உறைந்து போவார், கணக்கு டீச்சர் பாதி வகுத்தலில் நிற்பாள், சீரியல் மாமியார் ஓங்கிய கையை இறக்காமல் இரவுச் சாப்பாடு வரைக்கும் ஓங்கியபடியே நிற்பாள். லிஃப்டுக்குள் சண்டை, மொட்டை மாடியில் சண்டை. கடைசியில் சங்கச் செயலாளர் கோயில்பிள்ளை சார் சகாயராணியைக் கூப்பிட்டுவிட்டார், ஏனென்றால் அவள் வேலையே அதுதான். பெரிய கம்பெனிகளின் இணைப்பில் யாருடைய சரக்கு முதலில் போக வேண்டும், யாருடையது காத்திருக்க வேண்டும் என்று விதி எழுதுகிற வேலை, வீட்டிலிருந்தபடியே.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் நீ பாதை ஒழுங்குபண்ணிக் குடுக்க, நாங்க இங்க நெரிசல்ல கிடந்து சாவுதோம்" என்றார் கோயில்பிள்ளை சார்.

மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குத் தன்னுடையதுதான் அவசரம் என்றார்கள். "எல்லாமே அவசரம்னு சொன்னா எதுவுமே அவசரம் இல்லன்னு ஆயிரும் சார்" என்று சகாயராணி சிரித்துக்கொண்டே சொல்லி, கைதூக்கச் சொல்லி, நாலு வரிசை பிரித்தாள். முதல் வரிசை ஆபீஸ் பேச்சு. இரண்டாவது பிள்ளைகள் பாடம். மூன்றாவது சினிமா, சீரியல்.

"நாலாவதா 'மற்றவை எல்லாம்'னு ஒண்ணு கண்டிப்பா போடணும்" என்றாள். "நாம பேர் சொல்லாத எதுவும் அங்க போய் நிக்கும். மேல உள்ள மூணும் போனபிறகு இடம் இருந்தா அது போகும். வரிசை ரொம்பிட்டுன்னா, புதுசா வாரத வெளிய தள்ளிரும்."

எதிர்வீட்டு மரகதவடிவு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர்டு ஆன சுடலைமுத்துவின் மனைவி, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த நாலாவதுல என்னதான்டி வரும்?"

"ஒண்ணுமில்லக்கா. முக்கியமில்லாததுதான்."

அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்ன வாயை நினைத்து அவள் பிற்பாடு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாள் தெரியுமா? ஆனால் அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் மாடி நடையில், சகாயராணி வீட்டுக்கும் மரகதவடிவு வீட்டுக்கும் நடுவே உள்ள கோடிச்சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடந்த பெட்டியில் விதி ஏறியது.

சகாயராணியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். புருசன் லாசரஸ் சரக்குக் கப்பலில், வருசத்தில் பாதி நாள் தண்ணீரில். ஒரே பிள்ளை செலின். மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கில் குறையில்லை, தானாக வரும் என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணும்மா, பிள்ளை வாயத் தெறந்து என்ன சத்தம் போட்டாலும் உடனே பதில் சொல்லிரணும். பதில் வரலன்னா பேச்சு எதுக்குன்னு அது விட்டுரும்" என்றார். அன்றிலிருந்து சகாயராணிக்கு ஒரே காத்திருப்புதான். காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஹலோ, கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று அவள் ஆபீஸைத் தொடங்கும்போது, செலின் கதவோரம் பந்தை வைத்துக்கொண்டு அம்மாவின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அம்மா ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டுவாள். மற்றக் காது பிள்ளைக்கு.

பேச்சு வரிசையில் நின்றது முதலில் தெரிந்தது மீன்காரி தங்கபுஷ்பத்தால். காலையில் வாசலில் நின்று "மீனேய், சாளை, நெத்திலி" என்று அவள் கூப்பிட்ட கூப்பாடு, அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வீட்டில் படுத்துக் குறட்டை விடுகிற நேரத்தில் மாடி மாடியாக வந்து சேர, பெண்கள் சட்டியோடு இறங்கிப் போய் வெறும் வாசலைப் பார்த்துவிட்டு ஏறினார்கள். காக்கை கரைந்தது விருந்தாளி சாப்பிட்டுக் கைகழுவிப் போன பிறகு கேட்டது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி காலையில் போட்ட சண்டை, அவர்கள் சமாதானமாகி மத்தியானம் ஒரே இலையில் கை வைத்த நேரத்தில் உச்சந்தலைக்கு மேலே வந்து இறங்கி, அதற்காக இன்னொரு சண்டை நடந்தது. ஆனால் யாராவது காலாண்டு இலக்கு, கிளையண்ட் மீட்டிங் என்று வாயைத் திறந்தால், அது மட்டும் சுத்தமாக, உடனுக்குடன், அடுத்த பிளாக் வரைக்கும் கேட்டது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை, ஆஸ்பத்திரி டோக்கனுக்கு வரிசை என்று நின்று நின்று பழகின ஜனம், பேச்சுக்கும் வரிசை என்றதும், "சரி, நமக்கு முன்னால யாரு?" என்று மட்டும்தான் கேட்டது. "பேச்சும் போக்குவரத்துதானய்யா, விதிக்குக் கட்டுப்படத்தான் செய்யும்" என்றார் கோயில்பிள்ளை சார், கொஞ்சம் பெருமையாகவே.

பிறகு ஜனங்கள் சாமர்த்தியம் பண்ணத் தொடங்கினார்கள். ஆபீஸ் தோரணையில் பேசினால் எதுவும் முதல் வரிசையில் போய்விடும் என்று கண்டுபிடித்தது யாரோ தெரியாது. "மேடம், ரசத்தில் உப்பு குறைவது குறித்து தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்" என்று புருசன்மார் சொல்ல, "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று பெண்டாட்டிமார் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் எதையும் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு, "ஈரெண்டு நாலு, எனக்குப் பசிக்குது, மூவிரண்டு ஆறு, முறுக்கு வேணும்" என்று இரண்டாம் வரிசையில் ஏறிக்கொண்டார்கள். மருமகளைத் திட்ட வேண்டியவர்கள் சீரியல் மாமியாராகவே மாறிக் கண்ணை உருட்டித் திட்டினார்கள். சனிக்கிழமை ஜெபமாலை சொல்கிற பெண்கள், "மாதாவே, எங்க வேண்டுதல் எப்ப வந்து சேருதோ அப்ப பாத்துச் செய்யும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். சகாயராணிகூட, "இது என்ன? இது பந்து. பந்து என்ன நிறம்?" என்று செலினுக்குப் பாடமாகச் சொன்னால் உடனே கேட்டது. மடியில் போட்டுத் தட்டி "ஆராரோ" என்றால், பிள்ளை தூங்கி எழுந்து பால் குடிக்கும்போதுதான் எங்கிருந்தோ அந்தத் தாலாட்டு வந்தது.

தாமதத்தோடு மனுசன் எப்படியும் வாழ்ந்துவிடுவான். பேச்சு வராமலே போனபோதுதான் பயம் வந்தது. சாயங்காலம் மேல் மூன்று வரிசையும் முட்டிக்கொண்டு நிற்க, நாலாம் வரிசை ரொம்பி வழிந்து, அதற்குமேல் பேசினதெல்லாம் எங்கே விழுந்ததென்று தெரியாமல் விழுந்தது. வீடுகளில் வாய்கள் அசைந்தன, சத்தம் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி, ஜனங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கழுத்தைச் சாய்த்து நின்றார்கள். விளக்கு வைக்கிற நேரம் நெருங்க நெருங்க சகாயராணி செலினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். எதற்கென்று அவளுக்கே அப்போது பிடிபடவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம்தான் சுடலைமுத்து குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் மரகதவடிவு ஈருள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு சுவர். டீ ஆறி ஆடை கட்டினபிறகு போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். மனுசன் வாயைத் திறந்தபடி கிடந்தார், உடம்பு குளிர்ந்திருந்தது.

"அவிய தொண்டையத் தெறந்தா கப்பல்ல உள்ளவன் திரும்பிப் பாப்பான். என்னக் கூப்பிடாமலா போயிருப்பாவ?" என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். கேட்டது யார் காதிலும் விழவில்லை. அவள் மார்பில் அடித்து அழுத அழுகை, சீரியல் அழுகை என்று மூன்றாம் வரிசையில் போய் நின்றதோ என்னவோ, மறுநாள், உடம்பை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, ஈரத்தரையில் அவள் வாயை மூடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அவள் குரலிலேயே வந்து வீடு முழுக்கச் சுற்றியது. குடியிருப்பே கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியது.

"எடுத்துரும்மா அந்த விதிய" என்று தாளில் எழுதிக் காட்டினார் கோயில்பிள்ளை சார். பெருமையெல்லாம் போய் முகம் வெளிறியிருந்தது. "நாளைக்கே எடுத்துரு."

"காலையில ஒரு கால் இருக்கு சார். முடிச்சதும் எடுத்துருதேன்" என்று அதே தாளில் எழுதினாள் சகாயராணி.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டி, "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று தொடங்கினாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆபீஸ் முகங்கள். மூலையில் இருந்த கட்டத்தில் அவள் முகம். அவள் முகத்துக்குப் பின்னால், கதவோரம், செலின் நின்றுகொண்டிருந்தது. அதன் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு தெரிகிற அளவுக்கு வாயைத் திறந்து, அம்மாவின் முதுகைப் பார்த்துப் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சகாயராணியின் திறந்த காதில் ஒரு முணுக் இல்லை.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். செலின் வாயை மூடிக்கொண்டது.

ஐயோ, அந்த நிமிசம் அவளுக்கு இருந்த பயத்தை என்னவென்று சொல்ல? பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது. என்றைக்கோ வந்துவிட்டது. ஆபீஸும் இல்லை, பாடமும் இல்லை, சினிமாவும் இல்லை, பேர் வைக்காத ஒரு பேச்சு, நேராகப் போய் நாலாம் வரிசையில் நின்றிருக்கிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது, பதில் வரவில்லை. டாக்டர் சொன்னது நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது: பதில் வரலன்னா அது விட்டுரும்.

லேப்டாப்பில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நாலாம் வரிசை தளும்பி, நாள் கணக்கில் நகராமல் நின்றது. விதியை எடுக்கிற பொத்தானுக்கு மேல் கை போய், அப்படியே நின்றுவிட்டது. விதியை எடுத்தால் வரிசை கலையும். வரிசை கலைந்தால் அதில் நிற்கிறது அத்தனையும் அழிந்துபோகும், செலினின் முதல் வார்த்தையும் சேர்த்து. அவள் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, மரகதவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, உடனே காதில் விழ வேண்டுமே என்று ஆபீஸ் தோரணையிலேயே அழுதாள்: "மேடம், நாலாவது வரிசையில் என் பிள்ளையின் குரல் நிலுவையில் உள்ளது."

மரகதவடிவு அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளும், வாழ்நாளில் பேசாத அந்தத் தோரணையில், திக்கித் திக்கிக் கேட்டாள்: "எனது கணவர் அழைத்ததும் அங்குதான் உள்ளதா?"

"இருக்க வாய்ப்புள்ளது. வெளியே தள்ளப்படாமல் இருந்தால்."

வரிசையைக் கலைக்காமல் காலி பண்ண ஒரே வழிதான். மேல் மூன்று வரிசையும் வெறுமையாகக் கிடக்க வேண்டும், நாலாவதிலும் புதுசாக எதுவும் சேரக்கூடாது. அதாவது குடியிருப்பு மொத்தமும் வாயை மூடி, போனை மூடி, டிவியை மூடி உட்கார வேண்டும். கோயில்பிள்ளை சார் வீடு வீடாகப் போய் இரண்டு பெண்களுக்காகவும் கும்பிட்டுக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் என்று முடிவானது.

அன்றைக்குச் சிப்பி குடியிருப்பில் அடுப்பில்லை, டிவி இல்லை, தொட்டில் ஆட்டுகிற பெண்கள்கூட உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கதவும் திறந்திருந்தது. சகாயராணி லேப்டாப்பை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்க, மரகதவடிவு எதிரே தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். செலின் நடுவீட்டில் பந்தோடு நின்றது.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மாடிப்படி வழியாக, ஜன்னல் வழியாக, வாளிக்குள்ளிருந்து, பீரோ இடுக்கிலிருந்து வரத் தொடங்கியது. "மீனேய்." "எவன்லே என் செருப்ப எடுத்தவன்?" "இந்தக் கோயில்பிள்ளை ஒரு வடிகட்டின கஞ்சன்" என்று யாரோ சொன்னது அவர் தலைக்கு மேலேயே வந்து இறங்க, அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "நீ இல்லன்னா எனக்கு யாரு இருக்கா" என்று ஒரு ஆண்பிள்ளையின் குரல், யாருடையதென்று கடைசி வரை தெரியவில்லை. தேங்கி நின்றதெல்லாம் நின்ற ஒழுங்கிலேயே வந்து கரைந்தது.

அப்புறம் அது வந்தது. கொஞ்சம் கட்டையான, யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரல்.

"ம்மா."

சகாயராணி லேப்டாப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, பந்து." ஊர்ப்பட்ட கூச்சலுக்கு நடுவில் மறுபடி, "ம்மா, இங்க." பிறகு, "ம்மா, பாரு." எத்தனை நாள் கூப்பிட்டதோ, எந்தெந்த நேரம் கூப்பிட்டதோ, சந்தோசமாகத் தொடங்கின குரல் வர வரக் கெஞ்சலாகி, கெஞ்சல் அழுகையாகி, "ம்மா, ம்மா, பயம்" என்று வந்தது. தன் குரல் சுவரிலிருந்து வருவதைச் செலின் கேட்டது. கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தது. அன்றைக்கும் அம்மா பதில் சொல்லவில்லை, இதோ இன்றைக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பொறுக்க மாட்டாமல் "என்ன மக்கா" என்றாள் சகாயராணி. உதடுதான் அசைந்தது. சத்தம் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டது. ஆபீஸ் தோரணையில் சொன்னால் உடனே கேட்கும். ஆனால் அந்தக் குரல் தனக்கானது இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியுமே. செலின் அம்மாவின் சத்தமில்லாத உதட்டைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தது. இன்னொரு அடி. பந்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, மேசைக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

சகாயராணியின் விரல் பொத்தானுக்கு மேல் வந்தது. விதியை இப்போதே எடுத்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அதே நேரம் நடையிலிருந்து மரகதவடிவின் குரல் கேட்டது. வாசல்படியில் இருக்கிற மரகதவடிவு வாய் திறக்கவில்லை. அது அந்தச் சாயங்காலத்துக் குரல்.

"என்னங்க, குளிச்சிட்டு வாங்க. டீ போடுதேன்."

மரகதவடிவு விறைத்து நிமிர்ந்தாள். அடுத்து வரப்போவது யார் குரல் என்று அவளுக்குத் தெரியும், சகாயராணிக்கும் தெரியும். சகாயராணியால் பொத்தானை அமுக்க முடியவில்லை. மேசைக்கு அடியில் பிள்ளையின் முதுகைப் பார்த்தாள், வாசல்படியில் அந்தப் பொம்பளையின் முகத்தைப் பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட விரலை அப்படியே வைத்திருந்தாள்.

மரகதவடிவும் பிள்ளையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, நடையில் இறங்கி, கோடிச்சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்குப் போய், அதன் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. வந்துகொண்டிருந்த குரல்கள் அந்தந்த இடத்திலேயே அறுந்தன. எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது, அழுத அதே நேரத்தில் கேட்டது.

"பதில் சொல்லுட்டி" என்றாள் மரகதவடிவு. "பிள்ள கூப்பிடுதுல்லா."

சகாயராணி தவழ்ந்துபோய் மேசைக்கு அடியில் தலையை நுழைத்தாள். "என்ன மக்கா? அம்மா இங்கதான் இருக்கேன். என்ன மக்கா?"

செலின் திரும்பவில்லை. சகாயராணி தொடவும் பயந்து, சொன்னதையே சொல்லிக்கொண்டு கிடந்தாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளை மெல்லத் திரும்பி, வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, அம்மா தினமும் காலையில் யார் யாரிடமோ கேட்கிற அதே கேள்வியை, அம்மாவைப் பார்த்துக் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது மக்கா" என்றாள் சகாயராணி. "கேக்குது. கேக்குது."

பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, நடையில் வயரைக் கையில் பிடித்தபடி நின்ற மரகதவடிவைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

"கேக்குதா?"

மரகதவடிவு தன் வீட்டுப் பக்கம், திறந்து கிடந்த குளியலறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்குது தாயி" என்றாள்.